தரை பாலிஷை எச்சிங் கிரவுண்டாகப் பூசினேன், ஏடு ஏடாக உரிந்து வந்துவிட்டது. எங்கே தவறு?

மைவிரல் (சனி, இரவு 10.40)

வணக்கம். வீட்டில் எச்சிங் (தகட்டில் கிரவுண்டு என்ற ஆசிட் தாங்கும் பூச்சைப் பூசி, ஊசியால் கீறி வரைந்து, கோடுகளை அரிக்கவிட்டு அச்செடுப்பது) செய்ய ஆசைப்பட்டு மூன்று செம்புத் தகடுகளை வீணாக்கியிருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை, காரணம் சொன்னால் போதும்.

கல்லூரியில் பிரின்ட்மேக்கிங் படித்து 11 வருடம் ஆகிறது. அங்கே எல்லாம் பழைய முறைதான். பூசத் தேன்மெழுகும் அஸ்ஃபால்ட்டும், அழிக்க மண்ணெண்ணெய், அரிக்க நைட்ரிக் ஆசிட். இப்போது இருப்பது இரண்டு படுக்கையறை ஃபிளாட். பையனுக்கு ஏழு வயது, வீசிங் உண்டு. டர்பன்டைன் மூடியைத் திறந்தாலே அன்று இரவு நெபுலைசர் எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் அக்ரிலிக் தரை பாலிஷைப் பற்றிப் படித்ததும் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் கலந்த பாலிஷ், காய்ந்தால் ஆசிட் தாங்கும் படலம், அழிக்க வாஷிங் சோடாத் தண்ணீர். கேட்கவே நன்றாக இருந்தது.

தகடு 1: சூப்பர்மார்க்கெட்டில் தரை துடைக்கும் லோஷனை வாங்கி வந்து பூசினேன். இதைச் சொல்லவே கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். எலுமிச்சை வாசத்தோடு பளபளவென்றுதான் இருந்தது. செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் போட்டதும் கோடு, வெளி என்ற பேதம் இல்லாமல் முழுத் தகடும் ஒரே சீராக அரித்தது.

தகடு 2: ஹவுஸ்கீப்பிங் சாமான் விற்கும் கடையில் சரியான பாலிஷ் கிடைத்தது. 5 லிட்டர் கேனாகத்தான் கொடுப்பார்களாம். ஊற்றினேன், காய்ந்தது, வரைந்தேன். ஃபெரிக்கில் 15 நிமிடம் நன்றாகத்தான் போனது. எடுத்துக் கழுவி, ஆழம் பார்த்து, மறுபடி போட்டேன். பத்தே நிமிடத்தில் பால் ஏடு மாதிரி படலம் மேலே மிதந்து வந்தது.

தகடு 3: இது உரியவில்லை. ஆனால் ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குப் பெயர்ந்து, அந்த இடம் முழுக்க அரித்துவிட்டது. உற்றுப் பார்த்தால் ரேகை கூடத் தெரிகிறது!

பழைய_பிளேட் (சனி, இரவு 11.15)

அம்மா, ஒரே கேள்வி. பூசுவதற்கு முன்னால் தகட்டை எதால் தேய்த்தீர்கள்?

மைவிரல் (சனி, இரவு 11.18)

பாத்திரம் துலக்கும் திரவம், ஸ்பான்ஜ். நல்ல நுரை வந்தது ஐயா.

பழைய_பிளேட் (சனி, இரவு 11.52)

நுரை வந்ததா, சரி. எண்ணெய் போனதா?

மூன்றாவது தகட்டுக்குக் காரணம் இதுதான். நாங்கள் பூசிய மெழுகு கிரவுண்டே பாதி எண்ணெய்ச் சரக்கு. தகட்டில் கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் சூட்டில் அதையும் சேர்த்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கலந்த பாலிஷுக்கு அந்தத் தாராளம் கிடையாது. பிசுக்கு இருக்கும் இடத்தில் மேலே படிந்தது போலக் காட்டும், உள்ளே பிடித்திருக்காது. தகட்டைக் கழுவிய பிறகு மூலையைப் பிடித்துத் தூக்கியிருப்பீர்கள். அந்தக் கட்டைவிரல்தான் அது.

வீட்டில் குத்துவிளக்கு துலக்குவது எப்படி? புளியும் உப்பும். அதையே செய்யுங்கள். புளிக் கரைசலில் உப்புப் போட்டுத் தேய்த்தால் செம்பின் கறுப்பு போய் இளஞ்சிவப்பாக வரும். அது களிம்பு எடுக்கத்தான், எண்ணெய் போக இன்னொன்று வேண்டும். சாக்பீஸைப் பொடித்து, இரண்டு சொட்டு அமோனியா கலந்த தண்ணீரில் குழைத்து, புதுத் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். பழைய துணி வேண்டாம், அதிலேயே எண்ணெய் இருக்கும்.

பிறகு குழாயடியில் தகட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக, கண்ணாடி போர்த்தியது போல நிற்க வேண்டும். எங்காவது சேம்பிலை மேல் விழுந்த மாதிரி உருண்டு விலகினால் மறுபடி சாக்பீஸ். எனக்குச் சில நாள் நான்கு தடவை ஆகும். அதற்கப்புறம் விளிம்பைத் தவிர வேறெங்கும் கை படக் கூடாது.

தகடு 2 எனக்குப் பிடிபடவில்லை.

கறுப்புக்கோடு (ஞாயிறு, காலை 7.05)

தகடு 2: நடுவில் கழுவினேன் என்றீர்களே, எதில் கழுவினீர்கள் அக்கா?

மைவிரல் (ஞாயிறு, காலை 7.30)

சோடாத் தண்ணீரில்... ஆசிட்டை நிறுத்துவதற்காக. கல்லூரியில் பழகியது.

ஐயோ.

வேதிவாத்தியார் (ஞாயிறு, காலை 9.20)

ஐயோதான். அழிப்பதற்கு வைத்திருக்கும் மருந்திலேயே நடுவில் குளிப்பாட்டியிருக்கிறீர்கள்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், எச்சிங் தெரியாது. பாலிஷ் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இவ்வகைப் பாலிஷில் அக்ரிலிக் பாலிமர் மிகச் சிறிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து படலமாகின்றன. அந்தப் பாலிமர் சங்கிலியில் ஆங்காங்கே அமிலக் கைகள் உண்டு. பல பாலிஷ்களில் துத்தநாக அயனியும் சேர்ப்பார்கள். அது திரவத்தில் இருக்கும்வரை அமோனியா அதைப் பிடித்து வைத்திருக்கும். பூசியதும் அமோனியா பறந்துவிடும். விடுபட்ட துத்தநாகம் இரண்டு சங்கிலிகளின் அமிலக் கைகளைச் சேர்த்துப் பிடித்துக் கோத்துவிடும். கேனைத் திறந்ததும் லேசாக மூக்கில் ஏறும் வாடை பெரும்பாலும் அந்த அமோனியாதான்.

சோடா, அமோனியா மாதிரி காரம் பட்டால் கதை தலைகீழ். அமோனியா துத்தநாகத்தை மறுபடி பிடுங்கிக்கொள்கிறது. காரம் பட்ட அமிலக் கைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. படலம் தண்ணீரைக் குடித்து உப்பி, வெளுத்து, கழன்றுவிடும். ஃபெரிக் குளோரைடு அமிலத்தன்மை உள்ளது, அதனால் அது ஒன்றும் செய்வதில்லை. ஆக, இந்தப் படலம் அமிலத்துக்கு அசையாது, காரத்துக்கு நிற்காது. தரையை மறுபடி பாலிஷ் போடுவதற்கு முன் பழையதை உரிக்க வேண்டுமே, அதற்காகவே இப்படிச் செய்கிறார்கள்.

நடுவில் நிறுத்த வேண்டுமானால் ஓடும் தண்ணீர் போதும். கோட்டுக்குள் பழுப்பு தங்கினால் வினிகரில் கொஞ்சம் உப்புப் போட்டு அலசுங்கள்.

கடையில் வாங்கும்போதே சோதிக்கலாம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் காயவிடுங்கள். நிறமற்ற, நகத்தில் சுரண்டினால் ஒட்டாத கெட்டிப் படலம் வர வேண்டும். மேலே வாஷிங் சோடாக் கரைசல் வைத்தால் சில நிமிடத்தில் வெளுத்து எழ வேண்டும். டர்பன்டைன் வாடை அடித்தால் அது சிவப்புத் தரைக்குப் போடும் மெழுகு பாலிஷ். சரக்கே வேறு.

மைவிரல் (ஞாயிறு, காலை 9.41)

ஆப்ப சோடா ஆகுமா சார்? வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது.

வேதிவாத்தியார் (ஞாயிறு, காலை 9.50)

ஆகாது. அதன் காரம் போதாது. சலவைக்குப் போடும் வாஷிங் சோடா, லிட்டருக்கு 100 கிராம், வெந்நீரில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அமோனியாவும் வேண்டாம் என்பேன். செம்பில் அதிக நேரம் நின்றால் நீலம் பூத்துத் தகட்டையும் தின்னும். அதைவிட முக்கியம், பாத்ரூமில் இருக்கும் பிளீச்சிங் சரக்கோடு அமோனியா சேரவே கூடாது. நச்சு வாயு வரும்.

பழைய_பிளேட் (ஞாயிறு, மாலை 4.10)

வாத்தியார் சொன்னது நன்றாகப் புரிந்தது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இந்தப் பாலிஷ் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தேன். மெழுகில் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். கை நடுங்கினால் நடுக்கம் அப்படியே கோட்டில் விழும், அதுதான் அதன் உயிர். இதில் ஊசி கிறீச்சென்கிறது. பிளாஸ்டிக் தட்டில் கீறுவது போல இருக்கிறது. வளைவில் திரும்பும்போது ஓரம் சில்லாகத் தெறிக்கிறது. போதாதற்கு நிறமே இல்லை. செம்பு மேல் செம்புக் கோடு! எங்கே வரைந்தேன் என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நானூறு, ஐந்நூறு வருடமாக மெழுகில் வரைந்தவர்கள் எல்லாம் முட்டாள்களா?

எடின்பரோ_மழை (ஞாயிறு, இரவு 11.30)

ஐயா, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் மல்லுக்கு நிற்கிறேன். இந்த முறை வளர்ந்த ஊரில்தான் இருக்கிறேன்.

எச்சிங் என்றைக்கும் மெழுகோடு மட்டும் இருந்ததில்லை. 1500 வாக்கில் ஆக்ஸ்பர்கில் டேனியல் ஹோப்ஃபர் இரும்புத் தகட்டில் அரித்து அச்சிட்டது, கவசத்தில் அலங்காரம் அரிக்கும் கைத்தொழிலில் இருந்து வந்தது. 1600-களின் தொடக்கத்தில் ஜாக் கலோ மெழுகை ஒதுக்கிவிட்டு வீணை போன்ற லூட் வாத்தியத்துக்குப் பூசும் கெட்டி வார்னிஷை எடுத்துக்கொண்டார். மெழுகு அவருக்கு மென்மையாக இருந்தது, வேண்டாத இடத்தில் பெயர்ந்தது. கெட்டிப் படலத்தில்தான் உளிக்கோடு போலத் தடித்து மெலியும் கோடு வந்தது. வாத்தியம் செய்கிறவரிடம் வார்னிஷ் வாங்கியவரைக் கொண்டாடுகிறோம், தரை துடைக்கிறவரிடம் பாலிஷ் வாங்கினால் மட்டும் என்ன குறை? எச்சிங்காரர் எப்போதும் அடுத்தவர் பட்டறையில் கைவைத்தவர்தானே.

பாலிஷ் கதை சுருக்கமாக. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கீத் ஹவர்டு நச்சில்லா இன்டாலியோ (தகட்டில் கோட்டைக் குழித்து அச்செடுக்கும் முறை) என்று 1990-களில் பிரசாரம் செய்தவர், பிறகு அமெரிக்காவில் ராச்சஸ்டரில் கற்பித்தார். இங்கே எடின்பரோ பிரின்ட்மேக்கர்ஸ் பட்டறையில் ராபர்ட் ஆடம், கேரல் ராபர்ட்சன் இருவரும் அக்ரிலிக் முறைகளைச் செய்து பார்த்து ஒழுங்குபடுத்தினார்கள். ஃப்ரீட்ஹார்ட் கீகெபென் 1997-இல் ஃபெரிக் குளோரைடோடு சிட்ரிக் அமிலம் கலந்த கரைசலைக் கொண்டுவந்தார், அதற்கு எடின்பரோ எச் என்றே பெயர். அப்போது பாலிஷுக்கு அமெரிக்காவில் ஃப்யூச்சர், பிரிட்டனில் க்ளியர் என்று பெயர் இருந்தது. பொம்மை விமானம் ஒட்டுகிறவர்களும் அதைத்தான் கண்ணாடி மூடிக்குப் பூசினார்கள். கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டே போனது, சரக்கையும் மாற்றியது. அதனால் பட்டறைகளில் இன்றைக்கு இதற்கென்றே தயாரித்த அக்ரிலிக் கிரவுண்டு வாங்குகிறவர்கள் அதிகம். விலை கேட்டால் பாலிஷே மேல் என்று தோன்றும்.

இனி உங்கள் புகார்கள். நிறம் இல்லை என்றால், பாலிஷில் கறுப்பு அக்ரிலிக் மை சில சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் படலம் பலவீனமாகும், தேநீர் நிறம் வந்தால் போதும். கிறீச் என்றால், நாள் கடந்து வரைந்திருப்பீர்கள். இது நாளாக ஆகக் கெட்டிப்படும். காலையில் பூசி மாலைக்குள் வரைந்துவிட வேண்டும். சில்லு தெறிப்பது பெரும்பாலும் படலம் தடித்ததால்தான். ஊற்றும்போது தகட்டைச் சரிவாக வைத்து மேல் விளிம்பில் ஊற்றி, வழிவதைக் கீழே தட்டில் பிடித்து, செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். கீழ் விளிம்பில் கொஞ்சம் தடிக்கும். அதனால் இரண்டாவது பூச்சுக்குத் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி ஊற்ற வேண்டும். பிரஷ் வேண்டாம், மயிர்க்கோடு விழும்.

வெண்ணெயில் போகிற கை வராது என்பது மட்டும் நிஜம். அது வேறு கருவி, வேறு கோடு.

பழைய_பிளேட் (திங்கள், காலை 6.20)

கலோ விஷயம் எனக்குத் தெரியும் தம்பி. லூட் வார்னிஷில் வாடை உண்டு, குணம் உண்டு. சரி, விடுங்கள்.

சுண்ணாம்புக்கல் (திங்கள், காலை 8.00)

எங்கள் ஊரில் செம்பு கட்டுப்படியாகாது. துத்தநாகத் தகடுதான். அதற்கும் இதே பாலிஷ், இதே ஃபெரிக்தானா?

ரிச்சி_தெரு (திங்கள், காலை 10.45)

பாலிஷ் அதேதான், ஃபெரிக் வேண்டாம். துத்தநாகம் ஃபெரிக்கில் பொங்கும், சூடாகும், ஹைட்ரஜன் குமிழி விடும், கோடு கரடுமுரடாகும். துத்தநாகத்துக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும். உரக்கடையில் கிடைக்கிறது, விவசாயிகள் சுண்ணாம்போடு கலந்து திராட்சைக்கு அடிப்பதுதான். மயில்துத்தமும் சமையல் உப்பும் சம எடையில் தண்ணீரில் கரையுங்கள். தகடு அரிக்க அரிக்கச் செந்நிறப் பஞ்சு மாதிரி செம்பு படியும். மென்மையான பிரஷால் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். நீலம் போய்க் கரைசல் வெளிறினால் தீர்ந்தது என்று அர்த்தம்.

நான் சர்க்யூட் போர்டு ஆள். 20 வருடமாக ஃபெரிக்கோடு குடும்பம் நடத்துகிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில்தான் கட்டியைப் போட வேண்டும், கட்டி மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கரையும்போது நன்றாகச் சூடேறும். கண்ணாடி கட்டாயம். மெல்லிய ஆவி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம் கூடாது, ஓட்டை விழும். பிளாஸ்டிக் டப்பாதான். சட்டையில் பட்டால் அந்தச் சட்டை இனிமேல் பட்டறைச் சட்டை.

அந்த எடின்பரோ கலவையை நானும் போர்டுக்குப் பயன்படுத்துகிறேன். எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையில் கேட்டாலே சிட்ரிக் அமிலம் தருவார்கள். மூன்று பங்கு வெந்நீரில் ஒரு பங்கு தூள். அந்தக் கரைசல் ஒரு பங்கு, ஃபெரிக் கரைசல் நாலு பங்கு. வெறும் ஃபெரிக்கில் கோட்டுக்குள் வண்டல் அடைத்துக்கொள்ளும், அதனால் தகட்டைக் கவிழ்த்துத் தொங்கவிடுவோம். சிட்ரிக் சேர்ந்தால் வண்டல் கரைந்துவிடுகிறது, தகட்டை மல்லாக்கவே போடலாம்.

தகட்டின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். பிரவுன் டேப் இரண்டு வரிசை, ஓரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியபடி.

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் செம்பு இருக்கிறது, மீனுக்கு விஷம். வாஷிங் சோடா தூவித் தூவி நுரை அடங்கும்வரை கலக்கி, சேறு கீழே தங்கியதும் வடித்து, சேற்றைக் காயவைத்து மூட்டை கட்டி அபாயக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். மயில்துத்தத்துக்கும் இதேதான்.

கறுப்புக்கோடு (திங்கள், மதியம் 1.15)

இவ்வளவு படித்த பிறகு 'நச்சில்லாத' என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது. கண்ணாடி, கையுறை, அபாயக் கழிவு. இதற்குப் பேர் நச்சில்லாததா?

எடின்பரோ_மழை (திங்கள், மாலை 6.00)

ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பெயர் விளம்பரப் பெயர். ஆபத்து குறைந்தது என்றால் சரி. மூச்சுக்குழாய்க்குப் போவது எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பாருங்கள். மண்ணெண்ணெய் ஆவி இல்லை, நைட்ரிக் புகை இல்லை. அக்வாடின்ட்டுக்கு (கோட்டுக்குப் பதில் பரப்பாகச் சாயல் தரும் முறை) ரோசின் என்ற பிசின் தூளைப் பறக்கவிட்டுத் தகட்டில் படிய வைப்போமே, அதுவும் இல்லை. ரோசின் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பும், பெட்டிக்குள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். அதற்குப் பதில் இதே பாலிஷில் கறுப்பு மை கலந்து ஏர்பிரஷில் நுண்புள்ளியாக அடிக்கிறார்கள். தகட்டில் பாதி மூடி பாதி திறந்திருக்கிற மாதிரி. ஆனால் தெளிக்கும்போது அந்தத் துளியும் மூச்சில் போகும், மாஸ்க் வேண்டும். மைவிரல் அக்கா வீட்டில் பையன் இருக்கும்போது அடிக்கவே வேண்டாம்.

சாஃப்ட் கிரவுண்டுக்கு (கெட்டியாகாமல் மென்மையாகவே இருக்கும் பூச்சு) இது உதவாது, யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அதற்கு எச்சிங் மையையே மெல்லிசாக உருட்டிக்கொள்வார்கள்.

பழைய_பிளேட் (திங்கள், இரவு 9.35)

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன்.

எங்கள் பட்டறையில் நைட்ரிக் தட்டு ஜன்னலோரம் இருக்கும், ஃபேன் எப்போதும் ரிப்பேர். துத்தநாகம் போட்டால் பழுப்புப் புகை எழும். தட்டு மேல் குனிந்து, கோழி இறகால் குமிழியைத் தள்ளிக்கொண்டே நிற்போம். அதில் ஒரு ரசனை உண்டு, இறகு போகிற வழியில் கோடு கண் திறப்பது தெரியும். ஒரு நாள் பெரிய தகடு, அவசரம், கரைசல் கெட்டியாகிவிட்டது. அப்போது இருமல் கூட வரவில்லை. வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தேன். நடு இரவில் மூச்சு வாங்கியது, தண்ணீருக்குள் படுத்திருப்பது போல. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அந்தப் புகை மணிக்கணக்கு கழித்துத்தான் நுரையீரலைப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கும் மாடி ஏறினால் பாதியில் நிற்பேன்.

அதனால் அம்மா, நைட்ரிக்குக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள். கிரவுண்டு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

வேதிவாத்தியார் (திங்கள், இரவு 9.50)

நைட்ரஜன் டை ஆக்சைடு. டாக்டர் சொன்னது சரி. ஐயா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைவிரல் (அடுத்த வாரம் புதன், மதியம் 2.20)

தகடு 4 முடிந்தது. விவரம் சொல்கிறேன்.

புளி, உப்பு, சாக்பீஸ். தண்ணீர்ப் படலம் மூன்றாவது தடவையில்தான் நின்றது. அது நிற்கிறபோது தெரிந்துவிடுகிறது, தகடு திடீரென்று ஆழமாகிவிட்டது போல. கறுப்பு மை சொட்டிய பாலிஷை ஊற்றி, புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தேன். இங்கே கடல் காற்று, முதல் பூச்சு அரை மணியில் காயவில்லை, பனி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கியது. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்ததும் தெளிந்தது. திருப்பி இரண்டாவது பூச்சு, அதே மாதிரி. மாலையிலேயே வரைந்தேன், எங்கள் மாடித் துணிக்கொடி.

ஊசி விஷயத்தில் ஐயா சொன்னது உண்மை. கிறீச் என்றது. மெல்லிய ஊசியை வைத்துவிட்டுக் கொஞ்சம் மழுங்கிய ஊசியால் அழுத்தியபோது சில்லு நின்று, கோட்டோரம் கறுப்புச் சுருளாக எழுந்தது. ஊதினால் பறக்கிறது. புடவையின் மடிப்பை ஒரே இழுப்பில் வரைய முடியவில்லை, மூன்று துண்டாக வந்தது. கயிறும் கிளிப்பும் பிரமாதம்.

சிட்ரிக் கலந்த ஃபெரிக்கில் 40 நிமிடம், நடுவில் இரண்டு தடவை வெறும் தண்ணீரில் அலசினேன். பால்கனியில்தான் வைத்தேன், பையன் பள்ளியில். ஒரு இடம் கூட உரியவில்லை. சோடாத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடத்தில் படலம் சாம்பல் நிறத் தோலாக எழுந்தது. அந்தத் தோலைத் துணியில் வடித்துக் குப்பையில் போட்டேன், அதுவும் பிளாஸ்டிக்தானே. வீட்டில் எந்த வாசமும் இல்லை. நெபுலைசர் அலமாரியிலேயே இருக்கிறது.

அச்சில் கோடு கூர்மையாக, நிமிர்ந்து நிற்கிறது. வானத்தில் ஊசிமுனை அளவு ஏழெட்டுப் புள்ளி மட்டும் அரித்திருக்கிறது. பூசும்போது விழுந்த தூசியாக இருக்கும்.

கேனில் இன்னும் நாலே முக்கால் லிட்டர் பாலிஷ் இருக்கிறது. ஆயுசுக்கும் எனக்குத் தீராது. சென்னையில் யாருக்காவது வேண்டுமென்றால் பாட்டிலோடு வாருங்கள், ஊற்றித் தருகிறேன்.

சுண்ணாம்புக்கல் (புதன், மதியம் 2.45)

ஒரு லிட்டர் எனக்கு. அடுத்த மாதம் வருகிறேன்.

பழைய_பிளேட் (புதன், மாலை 5.30)

அந்தப் புள்ளிகளைத் தேய்த்து அழிக்க வேண்டாம், காக்கை என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கும் அரை லிட்டர் எடுத்து வையுங்கள். வரைவதற்கு இல்லை, தகட்டின் முதுகில் பூச.